டிராக்டர் ஏறும் டிப்பர்: எத்தனை அங்குலம் இருந்தால் போதும்?

நம்மூரில் டிராக்டர் முன்னால் போகும். டிப்பர் பின்னால் வரும். செம்மண், செங்கல், கரும்பு, எரு என்று எதுவானாலும் இழுப்பது டிராக்டர், சுமப்பது டிரெய்லர். அமெரிக்கக் கிராமப்புறங்களில் இந்தக் காட்சி தலைகீழ். அங்கே டிராக்டரே சுமை. ஃபோர்டு, ராம், செவர்லே என்று ஏதாவது ஒரு பெரிய பிக்கப் முன்னால் இழுக்க, டிப்பர் தொட்டிக்குள் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு நெடுஞ்சாலையில் போகிறது டிராக்டர்.

காரணம் எளிது. அங்கே சிறு நிலக்காரர்களிடமும், புல்வெளி, தோட்ட வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்பவர்களிடமும் இருப்பவை பெரும்பாலும் 25, 35 குதிரைத்திறன் சிறு டிராக்டர்கள். அவற்றின் உச்ச வேகமே மணிக்கு 20, 25 கிலோமீட்டர். வேலை நடக்கும் இடமோ முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி. இடையில் கிடப்பது கார்கள் 110 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் சாலை. ஓட்டிக்கொண்டு போக வழியில்லை, ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

டிராக்டர் ஏற்ற ஒரு டிரெய்லர், ஜல்லி கொட்ட இன்னொரு டிரெய்லர் என்று இரண்டு வாங்க எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. டிராக்டர் ஏறும் அளவிலான ஒரு புது டிப்பரின் விலையே பத்தாயிரம் டாலரைத் தாண்டும். அதனால் ஜல்லி கொட்டவும் விறகு அள்ளவும் டிராக்டர் ஏற்றவும் ஒரே வண்டியாகப் பார்க்கிறார்கள். டாலஸ், ஹூஸ்டன் பக்கம் குடியேறி, ஊருக்கு வெளியே ஐந்து பத்து ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கும் நம் ஆட்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: என் டிராக்டர் இதற்குள் நுழையுமா?

விற்பவர் பெரும்பாலும் ‘நுழையும்’ என்றுதான் சொல்வார். அவர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் நுழைவது வேறு. நுழைந்த டிராக்டரை விட்டு ஆள் இறங்கி, நான்கு மூலையிலும் செயின் போட்டு, பத்திரமாக ஊர் போய்ச் சேர்வது வேறு.

83 எங்கிருந்து வந்தது?

அமெரிக்க டிப்பர்களில் சாதாரணமாகக் கிடைப்பவை மூன்று அகலங்கள்: 5 அடி, 6 அடி, 7 அடி. இவற்றில் 7 அடி என்று விற்கப்படுவதன் உள்ளே டேப் பிடித்துப் பார்த்தால் 82 அல்லது 83 அங்குலம்தான் வரும். 84 வராது. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. சாலைச் சட்டம் போட்ட கழித்தல் கணக்கு இது.

1956-ல் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது, அந்தச் சாலைகளில் ஓடும் வண்டியின் அகலம் 96 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. சரியாக 8 அடி. 1982-ல் அது 102 அங்குலமாக, அதாவது எட்டரை அடியாக உயர்ந்தது. ஹவாய்த் தீவுகளுக்கு மட்டும் 108 அங்குலம் வரை சலுகை உண்டு. அங்கிருந்து யாரும் டெக்சாஸுக்கு டிப்பரை ஓட்டி வரப்போவதில்லை என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை. 102 அங்குலம் என்பது 2.59 மீட்டர். நம்முடைய மத்திய மோட்டார் வாகன விதிகளும் ஏறக்குறைய இதே வரம்பைத்தான், 2.6 மீட்டர் என்று, வைத்திருக்கின்றன.

இந்த 102-க்குள் சக்கரமும் மட்கார்டும் அடங்க வேண்டும். தொட்டியைத் தாழ்வாக வைத்து, அதன் இரு பக்கமும் சக்கரத்தை மாட்டுவதுதான் பரவலான வகை. இந்த எடைப் பிரிவில் வழக்கமாகப் போடும் டயர் 235 மில்லிமீட்டர் அகலம், அதாவது ஒன்பதேகால் அங்குலம். இரண்டு பக்கத்துக்கும் பதினெட்டரை. 102-ல் பதினெட்டரையைக் கழித்தால் மீதி எண்பத்து மூன்றரை. தொட்டிக்குக் கிடைப்பது அந்த மிச்சம்தான். டெக்சாஸ் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் மவுண்ட் பிளசன்ட், பாரிஸ், சம்னர் என்று டிரெய்லர் செய்வதற்கே பேர்போன ஊர்கள் உண்டு. பிக் டெக்ஸ், பி.ஜே., லோட் டிரெயில் போன்ற பெரிய பெயர்கள் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. போட்டி கடுமை. ஒருவர் தகடு கூட்டுவார், இன்னொருவர் பெயின்டைப் பற்றிப் பெருமை பேசுவார், மற்றொருவர் விலையைக் குறைப்பார். தாழ்தள டிப்பரில் 83 என்ற அளவை மட்டும் யாராலும் நகர்த்த முடிவதில்லை.

ஆக, தாழ்தள டிப்பரில் ‘இன்னும் கொஞ்சம் அகலமாக’ என்று கேட்டுப் பயனில்லை. 83-க்குள் அடங்கும் டிராக்டரா என்று பார்ப்பதுதான் வேலை.

அளக்க வேண்டியது டிராக்டரை மட்டும் அல்ல

பலர் சறுக்குவது இங்கேதான். டிராக்டர் கம்பெனியின் விளம்பரத் தாளை எடுத்து, ‘மொத்த அகலம்’ என்ற வரியைப் பார்த்து, 83-ஐவிடக் குறைவு என்றதும் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஜான் டியர் 1025ஆர் போன்ற குட்டி டிராக்டரின் அகலம் ஏறக்குறைய 47 அங்குலம். குபோட்டாவின் எல் வரிசைச் சிறு டிராக்டர்கள் டயரைப் பொறுத்து 55 முதல் 60 அங்குலத்துக்குள் வரும். காகிதத்தில் பார்த்தால் 83 அங்குலத் தொட்டியில் தாராளமாக இடம் இருக்கிறது.

ஆனால் டிராக்டர் தனியாகப் பயணம் போவதில்லை. முன்னால் லோடர் பக்கெட், பின்னால் ஏதாவது ஒரு கருவி. இந்தக் கருவிகளை வாங்கும்போது கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு. ரோட்டவேட்டர் வாங்கிய நம்மூர் விவசாயிக்கும் அது தெரியும். கருவி, பின்டயர்களின் வெளி விளிம்பைத் தாண்டி இரண்டு பக்கமும் கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சமன் செய்த மண்ணில் டயர் தடம் அப்படியே நிற்கும். அதனால் கருவி எப்போதும் டிராக்டரைவிட அகலமாகத்தான் இருக்கும். 58 அங்குல டிராக்டர்காரர் மண் சமன் செய்ய 66 அல்லது 72 அங்குலப் பெட்டிக் கலப்பை வைத்திருப்பார்.

புதர் வெட்டும் கருவியில் இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் செல்மாவில் தொடங்கிய புஷ் ஹாக் கம்பெனியின் பெயரையே பொதுப்பெயராக்கி, எந்தக் கம்பெனியின் கருவியானாலும் புஷ் ஹாக் என்றே சொல்லும் அளவுக்கு அங்கே பரவலான கருவி அது. அதில் 6 அடி என்று எழுதியிருப்பது பிளேடு வெட்டும் அகலம். மேலே மூடிய இரும்புத் தட்டின் வெளி விளிம்பு அதைவிடச் சில அங்குலம் கூடுதல். ‘72’ என்று நம்பிப் போனவர் 78, 80 என்று நிற்கும் கருவியோடு டிப்பர் வாசலில் மல்லுக்கட்ட நேரும்.

கருவியை உயரத் தூக்கி, பக்கச்சுவருக்கு மேலே நிறுத்திக்கொண்டால் ஆகாதா என்று கேட்கலாம். சுவர் 2 அடிதான், தூக்கினால் அதற்கு மேலே நிற்கும் என்பது உண்மை. ஆனால் ஹைட்ராலிக்கை நம்பி இரும்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் போவது ஆபத்து. 10,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள இயந்திரங்களை வணிக வண்டியில் ஏற்றினால், பக்கெட் போன்ற துணைக் கருவிகளை முழுதாகக் கீழே இறக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய விதியே சொல்கிறது. சிறு டிராக்டர் அந்த எடைக்குக் கீழே இருந்தாலும், செய்ய வேண்டிய காரியம் அதுதான். கீழே இறக்கியதும் பக்கெட்டும் கருவியும் சுவர்களுக்கு நடுவே வந்து நிற்கும். 83 அங்குலத்தோடு ஒப்பிட வேண்டிய எண் அப்போதைய அகலம்.

பின்சக்கரத்தைக் குறுக்கிக் கொஞ்சம் இடம் மிச்சம் பிடிக்கலாம். நம்மூரில் சேற்று உழவுக்கும் மேட்டு நிலத்துக்கும் வீல் டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு இடைவெளியை மாற்றுவதைப் போலவே அங்கும் பல மாடல்களில் மாற்றலாம். ஆனால் சரிவான நிலத்தில் வேலை செய்பவர் அகலமாக வைத்திருப்பது டிராக்டர் கவிழாமல் இருக்கத்தான். டிரெய்லரில் நுழைய வேண்டும் என்பதற்காகச் சக்கரத்தைக் குறுக்கிவிட்டுச் சரிவில் போய் உழுவது மடத்தனம்.

வாசலில் இரண்டு அங்குலம்

தொட்டியின் உள் அகலத்தை மட்டும் பார்த்தால் போதாது. பின்வாசலைப் பார்க்க வேண்டும். கதவைத் தாங்கும் மூலைத்தூண்கள், கீல், தாழ்ப்பாள் எல்லாம் சேர்ந்து வாசல் அகலம் தொட்டி அகலத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் குறைந்துவிடலாம். விளம்பரத் தாளில் இந்த எண்ணைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. டேப்தான் கதி.

உள்ளே, தரையை ஒட்டி செயின் கொக்கி மாட்டுவதற்கான இரும்பு வளையங்கள் நான்கு மூலையிலும் இருக்கும். சில வண்டிகளில் அவை தரையில் படுத்துக்கிடக்கும். சிலவற்றில் பக்கச்சுவரில் வெல்டிங் செய்து உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். துருத்தும் வகையானால், டயருக்கும் சுவருக்கும் இடையே இருக்கிற இடத்தை அவை தின்னும். டயரின் பக்கவாட்டு ரப்பரைக் கீறவும் செய்யும்.

இனி, 75 அங்குல அகலமுள்ள ஒரு டிராக்டர் 83 அங்குலத் தொட்டிக்குள் ஏறிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 60, 75 குதிரைத்திறன் டிராக்டர்கள் பல ஏறக்குறைய இந்த அகலத்தில்தான் வரும். ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் மிச்சம். ஓட்டியவர் எப்படி இறங்குவார்? கால் வைத்து இறங்க இடைவெளி இல்லை. மிதிபலகையிலிருந்து சுவரின் மேல் விளிம்புக்குக் காலை மாற்றி, அங்கிருந்து மட்கார்டின் மேல், பிறகு தரை. மழையில் நனைந்த பெயின்டில் ரப்பர் பூட்ஸ் வழுக்கினால் விலா எலும்பு சுவர் விளிம்பில்தான் போய் மோதும். இறங்கியாயிற்று. அடுத்தது செயின். தரையில் கிடக்கும் வளையத்தில் கொக்கி மாட்ட, 4 அங்குலச் சந்துக்குள் கையை விட வேண்டும். முழங்கைக்கு மேல் போகாது. வளையம் டயருக்குப் பின்னால் மறைந்துவிட்டால் கொக்கியை எட்டி மாட்டவே முடியாது. அதைத் தவிர்க்க, டிராக்டரை ஏற்றுவதற்கு முன்பே செயினை வளையங்களில் மாட்டி, நுனியைச் சுவருக்கு மேல் வெளியே தொங்கவிடுகிறார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

58 அங்குல டிராக்டரானால் கதை வேறு. ஒவ்வொரு பக்கமும் 12 அங்குலத்துக்குச் சற்று அதிகம் கிடைக்கும். ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்கலாம், குனிந்து கொக்கி மாட்டலாம், டயர் காற்றைப் பார்க்கலாம். என் கணக்கில், டிராக்டருக்கும் சுவருக்கும் நடுவே இரு பக்கமும் 8 அங்குலமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வண்டி நுழைந்ததாக எண்ணக்கூடாது. அதாவது, 83 அங்குலத் தொட்டிக்கு 67 அங்குலம் வரையுள்ள டிராக்டர்தான் பொருத்தம். கருவி இன்னும் சில அங்குலம் அதிகமாக இருக்கலாம், ஏனென்றால் கருவியின் பக்கத்தில் யாரும் இறங்கி நிற்கப்போவதில்லை. 6 அடித் தொட்டி, 5 அடித் தொட்டி பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. புல்வெட்டி அளவிலுள்ள மிகச்சிறு டிராக்டர் வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ராம்ப் விஷயத்தில் ஒரு வார்த்தை. டிராக்டரின் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடைவெளி ஒன்றாக இருக்காது. முன்சக்கரம் ராம்பின் நடுவில் ஏறும்போது பின்சக்கரம் ராம்பின் ஓரத்தைப் பிடித்திருக்கும். ஆகவே இரண்டு ராம்புகளும் பக்கவாட்டில் நகர்த்தி வைக்கக்கூடியவையாகவும் போதிய அகலமுள்ளவையாகவும் இருக்க வேண்டும். ஏற்றும் நேரத்தில் டிரெய்லர் பிக்கப்போடு பூட்டியே இருக்க வேண்டும். டிராக்டரின் முழு எடையும் பின்விளிம்பில் ஏறும் அந்த ஒரு நொடியில் டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்க்கும். கூடவே பிக்கப்பின் பின்சக்கரங்களையும் தரையிலிருந்து லேசாக்கிவிடும். பின்பக்கம் முட்டுக்கொடுக்கும் ஜாக்கி இருந்தால் இந்தத் தொல்லை குறையும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, பக்கெட்டைத் தாழ்த்தி, பாதுகாப்புக் கம்பியை நிமிர்த்தி, சீட் பெல்ட் மாட்டி, மெதுவாக ஏற வேண்டும். இறங்கும்போதும் அப்படியே.

மேலே தூக்கினால் அகலம் கிடைக்கும்

83 போதாது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தொட்டியைச் சக்கரங்களுக்கு நடுவே வைக்காமல் சக்கரங்களுக்கு மேலே தூக்கி வைப்பது. டெக்-ஓவர் என்று அங்கே சொல்லும் இந்த வகையில் தளத்தின் அகலம் 96 அல்லது 102 அங்குலம் வரை போகும். பக்கச்சுவர்களை மடக்கிவிடும் வசதியுள்ள மாடல்களும் வருகின்றன. இறங்குவது, செயின் மாட்டுவது எல்லாம் சுலபம்.

இந்த அகலத்துக்கு விலை உயரத்தில் கொடுக்க வேண்டும். தாழ்தள டிப்பரின் தரை ஏறத்தாழ 28 அங்குல உயரத்தில் இருக்கும் என்றால், டெக்-ஓவர் 36 அங்குலத்தைத் தொடும், தாண்டவும் தாண்டும். 6 அடி நீள ராம்பில் 28 அங்குலம் ஏறினால் சரிவு 23 பாகை. அதே ராம்பில் 36 அங்குலம் ஏறினால் 30 பாகை. காகிதத்தில் ஏழு பாகை வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். சீட்டில் உட்கார்ந்து, முன்சக்கரம் மேலே எழும்ப, பானெட்டுக்கு அப்பால் ஆகாயம் மட்டுமே தெரியும் நிலையில் இருப்பவருக்கு அது அற்பமல்ல. போதாக்குறைக்கு, மூன்று டன் இரும்பு தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும்போது வளைவுகளில் டிரெய்லர் ஆடும். ஜல்லி அள்ளிப் போடும் லோடருக்கும் உயரம் இடைஞ்சல்; சிறு டிராக்டரின் பக்கெட் சுவரைத் தாண்டி எட்டாமல் போகக்கூடும்.

பெரிய டிராக்டர், பெரிய பிக்கப், நீளமான ராம்ப் மூன்றும் இருப்பவர்கள் டெக்-ஓவரைப் பார்க்கலாம். மற்றவர்களுக்குத் தாழ்தளமே நல்லது.

அகலம் சரி, எடை?

அகலம் கண்ணுக்குத் தெரியும். எடை தெரியாது. அதனால்தான் அகலத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுபவர்கள் எடையைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. உயிருக்கு உலை வைப்பது இரண்டாவதுதான்.

7 அடி அகலம், 14 அடி நீளம் கொண்ட டிப்பரின் பொதுவான மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு. அதாவது ஒவ்வொன்றும் 7,000 பவுண்டு தாங்கும் இரண்டு அச்சுகள். இது வண்டியும் சுமையும் சேர்ந்த எடை. ஹைட்ராலிக், பேட்டரி, தடித்த தகடு எல்லாம் இருப்பதால் வெறும் டிப்பரே நாலாயிரத்தி ஐந்நூறு பவுண்டு அளவுக்கு வந்துவிடும். மீதி 9,500 பவுண்டு, நம் கணக்கில் 4,300 கிலோ.

35 குதிரைத்திறன் டிராக்டர் ஏறக்குறைய 3,000 பவுண்டு. லோடர் 1,000. பின்கருவி 700 முதல் 900. டயருக்குள் நிரப்பிய நீர் சில நூறு பவுண்டு. பிடிமானத்துக்காக டிராக்டர் டயரில் தண்ணீர் நிரப்புவது நம்மூரிலும் உள்ள பழக்கம்தான், அங்கே குளிரில் உறையாமலிருக்க கால்சியம் குளோரைடு போன்றவற்றைக் கலக்கிறார்கள். எல்லாம் கூட்டினால் 5,000, 5,500 பவுண்டு. 14,000 பவுண்டு டிப்பருக்கு இது சுகமான சுமை. இதையே 75 குதிரைத்திறன், ஏ.சி. கேபின், பெரிய லோடர் என்று மாற்றிப் பாருங்கள். 9,500 பவுண்டை எளிதாகத் தொட்டுவிடும். அகலத்தில் 75 அங்குலம், எடையில் முழு வரம்பு. அகலத்தில் இடிக்கும் டிராக்டர் பெரும்பாலும் எடையிலும் இடிக்கும்.

14,000 என்ற எண்ணுக்குப் பின்னால் இன்னொரு சட்டக் கணக்கும் இருக்கிறது. தொழிலுக்காக ஓட்டும்போது, 10,000 பவுண்டுக்கு மேல் வரம்புள்ள டிரெய்லரும் அதை இழுக்கும் வண்டியும் சேர்ந்து 26,001 பவுண்டைத் தொட்டால் தனி வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். 10,000 பவுண்டு வரம்புள்ள பிக்கப், 14,000 பவுண்டு டிப்பர், மொத்தம் 24,000. தப்பித்தாயிற்று. பின்னால் நான்கு டயர் உள்ள 14,000 பவுண்டு பிக்கப்பைப் பூட்டினால் 28,000. உரிமம் இல்லாமல் ஓட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். தோட்ட வேலை ஒப்பந்தக்காரர்கள் இந்தக் கோட்டைக் கவனமாகப் பார்த்துத்தான் வண்டி வாங்குகிறார்கள்.

ஏற்றிய எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். பந்துக் கொக்கியில் பூட்டி இழுக்கும் டிரெய்லரில், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். டிராக்டர் பின்னால் தள்ளி நின்றால் கொக்கியில் அழுத்தம் குறையும். வேகமெடுத்ததும் டிரெய்லர் பாம்புபோல ஆட ஆரம்பிக்கும். தொட்டி நீளமும் இங்கே கைகொடுக்கும். லோடரும் பின்கருவியும் மாட்டிய சிறு டிராக்டருக்கு 12 அடித் தொட்டி இறுக்கம். 14 அடி இருந்தால் முன்னும் பின்னும் நகர்த்தி எடையைச் சரிசெய்யலாம்.

சிலர் கதவைத் திறந்து வைத்து, அகலமான கருவியை மட்டும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகிறார்கள். 102 அங்குலத்துக்குள் இருக்கும்வரை அகலத்தில் குற்றமில்லை. 4 அடிக்கு மேல் பின்னால் நீட்டினால் விதிப்படி சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கொடி கட்ட வேண்டும். எடை பின்னால் போகிறது என்பதால் எனக்கு இந்த யுக்தி பிடிப்பதில்லை.

கட்டுவது

செயின் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கட்டும் செயின்களின் பாதுகாப்பான திறனைக் கூட்டினால், சுமையின் எடையில் பாதியாவது வர வேண்டும் என்பது விதி. 10,000 பவுண்டும் அதற்கு மேலும் என்றால் குறைந்தது நான்கு கட்டு. போக்குவரத்துக்கென்றே வரும் 70-ஆம் தரச் செயினில் 3/8 அங்குலத் தடிமனுக்கு 6,600 பவுண்டு திறன். எண்களைப் பார்த்தால் ஒரு செயினே போதும்போலத் தோன்றும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, கருவிக்குத் தனியாக ஒன்று போடுங்கள். டிராக்டரின் ஸ்டியரிங் கம்பியிலோ ஹைட்ராலிக் குழாய் ஓடும் இடத்திலோ கொக்கி மாட்டக்கூடாது. சேசிஸிலும் அச்சிலும் மாட்ட வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி இறங்கி, செயின் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிராக்டர் மேலே இருக்கும்போது தொட்டியைத் தூக்கும் பட்டனைத் தொடவே கூடாது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றலாம். ராம்பைச் சோம்பேறித்தனத்தால் எடுக்காமல், தொட்டியைச் சாய்த்து டிராக்டரை நழுவவிடலாம் என்று யோசிக்கும் ஆட்கள் எந்த நாட்டிலும் உண்டு.

இது வேண்டுமா?

டிப்பரை டிராக்டர் வண்டியாகப் பயன்படுத்துவது சமரசம்தான். ஜல்லி ஏற்றினால் டிராக்டருக்கு இடமில்லை. டிராக்டர் ஏற்றினால் ஜல்லிக்கு இடமில்லை. பாதை போடும் வேலைக்கு இரண்டும் வேண்டும். அப்படியானால் இரண்டு நடை. 7-க்கு 14 அடி, 2 அடிச் சுவர் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 196 கன அடி; நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 2 யூனிட். ஆனால் அதை விளிம்புவரை ஜல்லியால் நிரப்பினால் 20,000 பவுண்டு வந்துவிடும், அனுமதித்த சுமையைப்போல இரண்டு பங்குக்கு மேல். ஆக, ஜல்லி ஏற்றும்போது பாதித் தொட்டிதான்.

வாரத்துக்கு ஒரு முறை டிராக்டர், மற்ற நாளெல்லாம் மண்ணும் குப்பையும் விறகும் என்றால் டிப்பர் சரியான தேர்வு. டிராக்டர் தினமும் ஊர் ஊராகப் போக வேண்டும், எப்போதாவதுதான் ஜல்லி என்றால், பக்கச்சுவர் இல்லாத, தளமே சாயும் தட்டை டிரெய்லரை வாங்குங்கள். ராம்ப் தொல்லை இல்லை, இறங்க இடம் உண்டு, விலையும் பொதுவாகக் குறைவு. ஜல்லி தேவைப்படும் அன்று டிப்பரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், அல்லது குவாரிக்காரரையே கொண்டுவந்து கொட்டச் சொல்லலாம். விற்பனையாளர்கள் இந்த வழியைச் சொல்ல மாட்டார்கள்.

மகிந்திரா 1994 முதல் அமெரிக்காவில் டிராக்டர் விற்கிறது. நம்மூரில் பார்த்துப் பழகிய பெயர் என்று அதை வாங்கும் நம் ஆட்களும், குபோட்டா, ஜான் டியர் வாங்குபவர்களும் டிப்பர் கடைக்குப் போகும்முன் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். வெளி டயரிலிருந்து வெளி டயர் வரை உள்ள அகலம். மாட்டியிருக்கும் கருவிகளிலேயே அகலமானதன் வெளி விளிம்பு அளவு. டிராக்டர், லோடர், கருவி, டயர் நீர் எல்லாம் சேர்ந்த எடை. எடையை அறிய, அருகிலுள்ள எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குவதே உத்தமம். முதல் எண் 67-க்குள்ளும், இரண்டாவது வாசல் அகலத்தைவிட 4 அங்குலமாவது குறைவாகவும், மூன்றாவது 8,000 பவுண்டுக்குள்ளும் இருந்தால், 83 அங்குல, 14 அடி, 14,000 பவுண்டு தாழ்தள டிப்பரைத் தயங்காமல் வாங்கலாம். மூன்றில் ஒன்று தவறினாலும் தட்டை டிரெய்லரைப் பாருங்கள். வாங்க முடிவுசெய்த பிறகும், உங்கள் டிராக்டரைக் கடை வளாகத்திலேயே ஏற்றி, இறங்கி, செயின் மாட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.